வெயிலும் மழையும் எல்லோருக்கும் பொது. சரிவு நிலம் மட்டும் நமக்கா?

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் காணி வழங்கும் பேச்சு எழும்போதெல்லாம் மூன்று கேள்விகள்தாம் கேட்கப்படுகின்றன. எத்தனை பேர்ச்? யாருடைய பெயரில்? உறுதி எப்போது கையில் கிடைக்கும்? இவை அவசியமான கேள்விகளே. இருநூறு ஆண்டுகளாக இந்நாட்டில் உழைத்தும் சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரு பிடி மண் இல்லாதிருந்த சமூகம் இவற்றை உரத்துக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் மண்ணை நம்பிப் பிழைக்கும் குடும்பம் கேட்க வேண்டிய வேறு கேள்விகளும் உண்டு. அந்தக் காணி எந்தத் திசையைப் பார்த்துச் சரிந்திருக்கின்றது? காலை வெயில் அங்கே எத்தனை மணிக்கு விழுகின்றது? மழை எந்த மாதத்தில், எந்தக் காற்றோடு வருகின்றது? விழுந்த மழை எவ்வழியால் வடிந்து போகின்றது? இவற்றைக் கேட்காமல் பெற்றுக்கொண்ட காணி, உறுதியோடு கிடைத்தாலும் உறுதியான காணி அல்ல. இதுவே இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்பும் கருத்து. அதற்கு முன்னர், வெயிலும் மலையும் சேர்ந்து நமது சப்ரகமுவ மாகாணத்தின் காலநிலையை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதைச் சற்று விளங்கிக்கொள்வோம்.

ஒரே வெயில், வேறு வேறு காலநிலை

ஓரிடம் எவ்வளவு சூடாக இருக்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது சூரியக் கதிர் அங்கே விழும் கோணமாகும். நேர் மேலிருந்து விழும் கதிர் சிறிய பரப்பில் குவிந்து சூடேற்றும். சாய்ந்து விழும் கதிர் அகன்ற பரப்பில் பரந்து வலுவிழந்துவிடும். மார்கழி மாதத்து நண்பகலில் லண்டன் மாநகரில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்துக்கே எழும்புகின்றது. அதே நாளில் இரத்தினபுரியில் அது ஏறக்குறைய 60 பாகை உயரத்தில் நிற்கின்றது. அங்கே பனி பொழிய, இங்கே நாம் வியர்ப்பதற்கு இதுவே காரணம்.

நமது நாடு பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே, ஏறத்தாழ 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் அமைந்திருக்கின்றது. ஆகவே சூரியன் ஆண்டில் இரண்டு முறை நம் தலைக்கு நேர் மேலே வந்து போகின்றது. ஒன்று ஏப்ரல் மாதத்தின் முதற் பாதி. மற்றது ஓகஸ்ட் இறுதியிலிருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரை. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணி நேர வித்தியாசம்கூட நமக்கு இல்லை. வானத்திலிருந்து வரும் வெயிலைப் பொறுத்தமட்டில், அம்பாந்தோட்டைக்கும் இரத்தினபுரிக்கும் நுவரெலியாவுக்கும் கிடைப்பது கிட்டத்தட்ட ஒரே பங்குதான்.

அப்படியானால் இம்மூன்று இடங்களும் ஏன் ஒன்றுபோல் இல்லை? அம்பாந்தோட்டையில் ஆண்டு மழை 1,000 மில்லிமீற்றர் அளவில் நின்றுவிடுகின்றது. இரத்தினபுரியில் அது சுமார் 3,700 மில்லிமீற்றர். இரத்தினபுரியில் சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியஸ் அளவில் இருக்க, நுவரெலியாவில் அது 16 பாகை அளவில் இருக்கின்றது. சூரியன் பட்சபாதம் காட்டவில்லை. வித்தியாசத்தை உண்டாக்குவது நிலத்தின் உயரமும், மலைகள் நிற்கும் திசையும், கடலிலிருந்து வரும் காற்றுமே ஆகும்.

உயரத்தின் கதை எளிது. சூரியக் கதிர் காற்றை நேரடியாகச் சூடாக்குவது குறைவு. அது முதலில் நிலத்தைச் சூடாக்குகின்றது. நிலம் தன்மேல் கிடக்கும் காற்றைச் சூடாக்குகின்றது. சூடேறிய காற்று மேலே எழும்பும்போது விரிந்து குளிர்கின்றது. சராசரியாக 100 மீற்றர் ஏறினால் வெப்பநிலை அரைப் பாகைக்குச் சற்று அதிகமாகக் குறைகின்றது. இதனால்தான் சூரியனுக்குக் கிட்டப் போகின்றோம் என்று எண்ணி மலையேறுகிறவன் குளிரில் நடுங்குகின்றான்.

காற்றை மறிக்கும் மலை

மழையின் கதை சற்றே நீளமானது. சித்திரை, வைகாசி மாதங்களில் சூரியன் வடக்கு நோக்கி நகர்கையில், ஆசியாவின் பெருநிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகின்றது. சூடேறிய நிலத்தின் மேல் காற்று இலேசாகி எழும்ப, அங்கே அமுக்கம் குறைகின்றது. அவ்விடத்தை நோக்கி இந்து சமுத்திரத்திலிருந்து ஈரம் நிறைந்த காற்று பாய்கின்றது. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை நாம் அறிந்த தென்மேல் பருவக்காற்று இதுதான். மார்கழி முதல் மாசி வரை நிலைமை தலைகீழாகின்றது. வடக்கே நிலம் குளிர்ந்துவிட, காற்று வடகிழக்கிலிருந்து வருகின்றது.

தென்மேல் காற்று நேரே வந்து மோதும் முதலாவது பெருஞ்சுவர் நமது மாகாணத்து மலைகளே. தெற்கே இறக்குவானை மலைத்தொடரும் சிங்கராஜ வனமும், வடகிழக்கே 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலையும் அதனைச் சூழ்ந்த மலைகளும் நிற்கின்றன. காற்று சுவரைத் துளைத்துச் செல்ல முடியாது. ஏறித்தான் கடக்க வேண்டும். ஏறுகையில் குளிர்கின்றது. குளிர்ந்த காற்றால் தான் சுமந்து வந்த நீராவியைத் தாங்க முடியாது. அது முகிலாகி, மழையாகிக் கொட்டிவிடுகின்றது. கலவானை, குருவிட்ட, எஹலியகொடை, தெரணியகல, யட்டியாந்தோட்டை ஆகிய இடங்கள் ஏன் இப்படி நனைகின்றன என்பதற்கு இதுவே விடை. அந்த நீரில் ஒரு பங்கு களுகங்கையாக இரத்தினபுரியைக் கடந்து களுத்துறைக்கும், இன்னொரு பங்கு களனி கங்கையாக கித்துல்கலையைக் கடந்து கொழும்புக்கும் போகின்றது.

மலையைக் கடந்த காற்று மறுபுறத்தில் இறங்கும்போது ஈரத்தைத் தொலைத்துவிட்டு, அமுங்கிச் சூடேறி, வறண்ட காற்றாகின்றது. கிழக்கிலே மட்டக்களப்பு மக்கள் 'கச்சான்' என்றும், வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் 'சோளகம்' என்றும் அழைப்பது இந்தத் தென்மேல் காற்றைத்தான். களுகங்கைப் பள்ளத்தாக்கில் கூரையைப் பிரித்து மழையைக் கொட்டிய அதே காற்று, வன்னியில் வயலை வெடிக்கச் செய்கின்றது. ஒரே காற்றுக்கு மலையின் இந்தப் பக்கம் ஒரு குணம், அந்தப் பக்கம் வேறு குணம்.

இதைக் காண வன்னிவரை போக வேண்டியதில்லை. நமது இரத்தினபுரி மாவட்டத்துக்குள்ளேயே ஈரவலயம், இடைவலயம், உலர்வலயம் என மூன்றும் இருக்கின்றன. இரத்தினபுரியில் காலையில் பஸ் ஏறி பலாங்கொடையைக் கடந்து கல்தொட்டைப் பக்கம் இறங்கினாலும், பெல்மதுளை வழியாக எம்பிலிப்பிட்டிய போய்ச் சேர்ந்தாலும், மதியச் சாப்பாட்டுக்கு முன்னரே வேறொரு காலநிலைக்குள் நுழைந்துவிடுவீர்கள். புறப்பட்ட இடத்தில் தேயிலையும் இறப்பரும். சேர்ந்த இடத்தில் வாய்க்கால் பாயும் நெல்வயல். கேகாலை மாவட்டத்திலும் அவ்வாறே. தெற்கே தெரணியகலையில் கொட்டும் மழை, வடக்கே றம்புக்கனைப் பக்கம் போகப் போகக் குறைந்துவிடுகின்றது.

வெயிலை வாங்கும் சரிவு, இழக்கும் சரிவு

பருவக்காற்று இல்லாத மாதங்களிலும் வெயிலும் மலையும் சும்மா இருப்பதில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காலையில் வானம் துப்புரவாக இருக்கும். ஏறும் வெயிலில் மலைச்சரிவுகள் சூடேற, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சரிவோடு மேலே ஏறும். மதியத்துக்குப் பின்னர் கருமுகில் கூடி, இடி மின்னலோடு மழை கொட்டும். மின்னல் தாக்கம் அதிகமுள்ள மாவட்டங்களில் நமது இரண்டு மாவட்டங்களும் அடங்குகின்றன. பிற்பகலில் மலையில் கொழுந்து எடுக்கும் சகோதரிகள் இதனை நன்கறிவார்கள்.

இதிலிருந்து கமக்காரருக்கு ஒரு பாடம் கிடைக்கின்றது. வானத்து வெயில் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும், நிலத்தில் விழும் வெயில் ஒன்றாக இருப்பதில்லை. நமது மலைகளில் காலை தெளிவாகவும் பிற்பகல் முகிலாகவும் இருக்கும் நாட்கள் அதிகம். எனவே கிழக்கு நோக்கிய சரிவு, முகில் கூடுமுன்னர் தன் பங்கை வாங்கிக்கொள்கின்றது. மேற்கு நோக்கிய சரிவுக்கு முறை வரும்போது வானம் மூடிவிடுகின்றது. இரு பெரும் மலைகளுக்கு இடையில் ஒடுங்கிய பள்ளத்தில் கிடக்கும் வீட்டுக்கோ காலையிலும் நிழல், மாலையிலும் நிழல். அவ்வீட்டில் துணி காயாது, சுவரில் பூஞ்சணம் படியும், பிள்ளைகளுக்குச் சளியும் இருமலும் தீராது. அந்தக் காணியில் மிளகாய் நட்டால் பழுக்குமுன் அழுகும்.

இரு காலநிலைகளைச் சுமந்த மக்கள்

இந்தப் பாடத்தை உங்களிற் பலருக்கு நான் கற்பிக்க வேண்டியதில்லை. வாழ்க்கையே கற்பித்திருக்கின்றது. 1972-ஆம், 1975-ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களின் கீழ்த் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், அக்கால உணவுப் பஞ்சத்தின்போதும், பின்னர் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களின்போதும், இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போனார்கள். இறப்பர் மரத்தில் பால் வெட்டிய கைகள் அங்கே காடு வெட்டின. மழையை வெறுத்து வாழ்ந்தவர்கள், அங்கே மழைக்காக வானத்தைப் பார்த்திருக்கக் கற்றார்கள். பெரும்போகம், சிறுபோகம், குளத்து நீர், கிணற்றடித் தோட்டம், வாடை, சோளகம் என்று ஒரு புதிய காலக்கணக்கே அவர்களுக்குப் பழகிப்போயிற்று. பின்னர் போர் அவர்களை அங்கிருந்தும் விரட்டியது. சிலர் 2009-க்குப் பின் அங்கேயே மீளக் குடியேறினர். வேறு சிலர் உறவுகளைத் தேடி இம்மலைகளுக்கே திரும்பினர். அண்மை ஆண்டுகளின் மண்சரிவுகளாலும் வெள்ளத்தாலும் வீடிழந்த குடும்பங்களும் இவர்களோடு சேர்ந்துகொள்ள, இன்று 'இடம்பெயர்ந்தோர்' என்ற ஒரே சொல்லுக்குள் பல கதைகள் அடங்கியிருக்கின்றன.

காலநிலை மாறும்போது பயிர்ச்செய்கையின் அடிப்படை அறிவே மாற வேண்டும் என்பதை நாம் மறந்துவிடலாகாது. வன்னியில் கமக்காரரின் கவலை, விழுந்த நீரை எப்படிப் பிடித்து வைப்பது என்பது. அதற்காக வரம்பு கட்டுகின்றோம், பள்ளம் வெட்டுகின்றோம். சப்ரகமுவவின் செங்குத்தான சரிவிலே கவலை இதற்கு நேர் எதிரானது. விழுந்த நீரை, மண்ணை இழுத்துச் செல்லாதபடி, எப்படி மெதுவாக வடித்து அனுப்புவது என்பதே இங்கு கேள்வி. வன்னியில் செய்தது போல இங்கே வீட்டுக்கு மேலே பள்ளம் வெட்டி நீரைத் தேக்கினால், நம் மலையை நாமே ஊறவைத்து இளக்குகின்றோம். அங்கே அறிவுடைமையாக இருந்தது இங்கே ஆபத்தாகிவிடுகின்றது. பழைய தோட்டங்களில் 'கான்' வெட்டுவதற்கும் அதைத் துப்புரவாக வைத்திருப்பதற்கும் ஏன் தனியாக ஆள் போட்டார்கள் என்பதை இப்போது எண்ணிப் பாருங்கள். கான் தூர்ந்துபோன மலை, காவல் இல்லாத மலை.

பயிர்களும் அப்படியே. காய்ந்த வெயில் கேட்கும் வெங்காயத்தையும் செத்தல் மிளகாயையும் இங்கே நம்பியிருக்க முடியாது. பலா, ஈரப்பலா, வாழை, இராசவள்ளி, கறுவா, மரத்தில் படரும் மிளகு ஆகியவை இந்த ஈரத்துக்கும் நிழலுக்கும் பழகியவை. மண்ணைக் கிண்டிப் பிடுங்க வேண்டிய கிழங்குகளைச் செங்குத்துச் சரிவில் தவிர்த்துச் சமநிலத்திலே வைத்துக்கொள்வது நல்லது. பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோ தீவிலே, இதே போன்ற மழையும் சரிவும் உள்ள இடத்தில், ஒரு கிறிஸ்தவ கிராமிய நிலையம் 1970-களில் ஏழைக் கமக்காரரோடு சேர்ந்து ஒரு முறையை உருவாக்கியது. சரிவின் குறுக்கே, ஒரே மட்டத்தில், சில மீற்றர் இடைவெளியில் அவரை இனச் செடிகளை நெருக்கமான வேலியாக நடுவதும், இடையில் பயிரிடுவதும்தான் அம்முறை. நமக்கு அதற்குக் கிளிசிடியா தாராளமாகக் கிடைக்கின்றது. வேர் மண்ணைப் பிடிக்கும், தழை பசளையாகும், ஆடுமாடு தின்னும், விறகுக்கும் உதவும். பணமில்லாமல் செய்யக்கூடிய காரியம் இது.

மழைதான் குற்றவாளியா?

இனி கசப்பான விடயத்துக்கு வருவோம். 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்திலும் தெற்கிலும் பெய்த பெருமழையில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2016 மே 17-ஆம் நாள் அரநாயக்கவில் மலையே இறங்கி வந்து ஊர்களை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மண்ணுள் புதைந்தன. 2017 மே இறுதியில் மீண்டும் இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் 200-க்கும் மேற்பட்ட உயிர்கள். மலையின் மறுபக்கத்தில், பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டம் 2014 ஒக்டோபர் 29-ஆம் நாள் புதையுண்டது. இங்கே மே, அங்கே ஒக்டோபர். ஒரே மலைநாடு, ஆனால் எந்தப் பக்கச் சரிவு எந்தக் காற்றைப் பார்க்கின்றதோ, அதற்கேற்ப ஆபத்தின் மாதமும் மாறுகின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கிழக்குக் கரையால் நுழைந்தபோதோ இந்தக் கணக்கும் குழம்பிற்று. மலைநாடெங்கும், கேகாலை உட்பட, மண் சரிந்தது. நாடு முழுவதிலும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

கடலும் காற்றும் சூடேறி வருகின்ற காலம் இது. வெப்பநிலை ஒரு பாகை கூடினால், காற்று ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு அதிகமாக நீராவியைத் தாங்கும். அந்தச் சுமை இறங்கும்போது, பல நாட்களில் பெய்ய வேண்டிய மழை சில மணி நேரத்தில் பெய்துவிடுகின்றது. இந்தச் சூட்டை உண்டாக்கிய புகையில் லயன் அறையின் அடுப்புப் புகைக்கு எத்தனை பங்கு என்று உலகத்தார் சொல்லட்டும்.

இருந்தும், மழையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நான் ஏற்றுக்கொள்வதற்கில்லை. 'இயற்கை அனர்த்தம்' என்ற சொல் பல பொறுப்புகளை மறைத்துவிடுகின்றது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் கோப்பிக்காக நமது மலைக்காடுகள் அழிக்கப்பட்டன. 1869-இல் கோப்பியில் இலைநோய் கண்ட பின்னர் தேயிலை வந்தது. அதன் பின் இறப்பர் வந்தது. துரையின் பங்களா காற்றும் வெளிச்சமும் உள்ள மேட்டில் எழுந்தது. தேயிலைக்கு நல்ல சரிவு ஒதுக்கப்பட்டது. லயன்களுக்கு எஞ்சியது என்ன? பீலித் தண்ணீருக்குக் கிட்டவுள்ள பள்ளமும், வெட்டிச் சமப்படுத்திய மலையடிவாரமும். பெருமழையில் நீரும் மண்ணும் முதலில் தேடி வருவது அந்த வழியைத்தான். இது மேகம் செய்த பங்கீடு அல்ல; மனிதர் செய்த பங்கீடு.

மீரியபெத்தையில் ஆபத்து இருப்பதாக 2005-லும் 2011-லும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆனாலும் மக்கள் 2014 வரை அங்கேயே இருந்தனர். "சொன்னோம், அவர்கள்தான் போகவில்லை" என்று அதிகாரிகள் தரப்பில் கூறப்படுவதுண்டு. இதில் ஓரளவு உண்மை இருக்கின்றது என்பதையும் நேர்மையாக ஏற்றுக்கொள்வோம். மக்கள் போகத் தயங்குகின்றார்கள்தான். ஆனால் எங்கே போவது? செக்ரோலில் பெயர் போய்விடும். பிள்ளைகளுக்குத் தமிழ்மொழிப் பாடசாலை தூரமாகிவிடும். கோவிலும் கல்லறையும் பின்னால் கிடக்கும். வேலையும் பள்ளிக்கூடமும் இல்லாத பாதுகாப்பான காணி, ஒரு தாய்க்குப் பாதுகாப்பாகத் தெரிவதில்லை. போகச் சொல்வது மட்டும் எச்சரிக்கையாகாது. போய்ச் சேர ஓரிடத்தைக் காட்டும்போதே அது நிறைவு பெறுகின்றது.

இன்னொரு யோசனையும் அடிக்கடி காதில் விழுகின்றது. மலையிலுள்ளவர்களைச் சமவெளிக்கு, உலர்வலயத்துக்கு அனுப்பிவிடலாம் என்பது அது. விரும்பிப் போகின்றவர்களைத் தடுப்பானேன்? ஆனால் ஈரவலயத்துக் குடும்பத்தை உலர்வலயத்தில் இறக்கிவிடுவது வீடு மாற்றுவது போன்றதன்று. வருமானம், பயிர், உணவு, நோய், நீர் யாவும் மாறுகின்றன. 1977-க்குப் பின் வன்னிக்குப் போனவர்கள் அதைக் கற்றுக்கொள்ளக் கொடுத்த விலையை நாம் மறக்கவில்லை. கற்பிக்க ஆளும், பாசனத்துக்கு நீரும், முதற் போகம் வரை உணவும் இல்லாமல் இன்னொரு தடவை அந்த விலையைக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை.

காணி பெறுமுன் கேட்க வேண்டியவை

ஆகவே, 7 பேர்ச்சோ 10 பேர்ச்சோ, காணி பற்றிய கூட்டத்துக்குப் போகும் ஒவ்வொரு குடும்பமும் பின்வரும் கேள்விகளோடு போக வேண்டும்.

முதலாவது, சரிவு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்தக் காணியைப் பார்வையிட்டு அறிக்கை தந்திருக்கின்றதா? அந்த அறிக்கையைத் தமிழில், எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாய்ச்சொல் போதாது. தேயிலை நடவே உதவாது என்று தோட்ட நிருவாகம் கைவிட்ட செங்குத்து நிலம், வீடு கட்ட மட்டும் எப்படி உதவும் என்றும் கேளுங்கள்.

இரண்டாவது, வெயிலும் காற்றும். காலையில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை அங்கே போய் நில்லுங்கள். வீட்டு வாசலும் சமையலறையும் காலை வெயில் படும் பக்கத்தில் அமையட்டும். தென்மேல் மழை வந்து மோதும் சுவருக்குக் கூரை இறக்கம் நீளமாக வேண்டும்.

மூன்றாவது, தண்ணீர். ஊற்றோ பீலியோ இருக்கின்றது என்று ஜூன் மாதத்தில் காட்டுவார்கள். அப்போது எல்லா மலையிலும் தண்ணீர் இருக்கும். இங்கே மழை குறைந்த மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியுமே. அந்த மாதங்களில் ஓடும் ஊற்றே ஊற்று.

நான்காவது, வடிகால். மேலேயுள்ள கான் எங்கே போய் முடிகின்றது? அதைத் துப்புரவாக வைத்திருப்பது தோட்டத்தின் பொறுப்பா, பிரதேச சபையின் பொறுப்பா? விடை எழுத்தில் வேண்டும்.

குடியேறிய பின்னரும் நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மழையை நாமே அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான தகரப்பேணி ஒன்றை மரநிழலோ கூரையோ இல்லாத வெளியில் மட்டமாக வையுங்கள். அதில் சேர்ந்த நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளவுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது ஏழரைச் சென்ரிமீற்றர் சேர்ந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் சேர்ந்தால் புறப்படத் தயாராக வேண்டும். 150 மில்லிமீற்றர் சேர்ந்தாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் சேர்ந்தாலோ, வெளியேறிவிட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுக்கக் கைக்கொள்ளும் அளவுகளே இவை. வானொலி மாவட்டத்துக்குச் சொல்லும். உங்கள் பேணி உங்கள் மலைக்குச் சொல்லும். மலைநாட்டில் ஒரு பள்ளத்தாக்குக்கும் அடுத்ததற்கும் இடையிலேயே மழை வேறுபடும் என்பதை மேலே பார்த்தோம். நிலத்தில் புது வெடிப்பு, சாயத் தொடங்கும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று, இறுகி மூடாத கதவு ஆகியவற்றைக் கண்டால் அளவையும் எதிர்பாராமல் வெளியேறுங்கள். தோட்டத்துக்கு ஒரு பேணி, அதற்குப் பொறுப்பாக இரண்டு இளைஞர், கிராம சேவகரின் தொலைபேசி இலக்கம். இவ்வளவு ஏற்பாடு போதும், தொடங்கிவிடலாம்.

இறைவன் மேல் பழி போடாதிருப்போம்

கடைசியாக, குரு என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். சாவு வீடுகளில் "ஆண்டவருடைய சித்தம்" என்று ஆறுதல் சொல்லுகின்றோம். மாரியம்மனிடம் மழை வேண்டும் நமது இந்து உடன்பிறப்புகள் "தலைவிதி" என்கின்றார்கள். துயரத்தில் நொந்த உள்ளத்துக்கு அது மருந்தாக இருக்கலாம். ஆனால் அடுத்த சாவைத் தடுக்க அது உதவாது. தந்தையாகிய இறைவன் கதிரவனையும் மழையையும் ஆள் பார்த்து அளப்பதில்லை என்பது மலைப்பொழிவில் இயேசு கற்பித்த பாடம். இந்நாட்டின் புவியியலும் அதற்குச் சாட்சி சொல்கின்றது. துரைக்கும் தொழிலாளிக்கும் விழும் வெயில் ஒன்றே, மழை ஒன்றே. யார் மேட்டில் இருப்பது, யார் பள்ளத்தில் இருப்பது என்பதை மட்டும் மனிதர் தீர்மானித்தனர். மனிதர் தீர்மானித்ததை மனிதர் மாற்றலாம், மாற்ற வேண்டும்.

1995-இல் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை உள்ளடக்கி இரத்தினபுரி மறைமாவட்டம் நிறுவப்பட்டது. ஒரே மறைமாவட்டத்துக்குள் இத்தனை காலநிலைகளையும் வைத்திருக்கும் நமக்கு, இவ்வறிவைப் பங்கு தோறும் தோட்டம் தோறும் கொண்டு செல்லும் கடமை இருக்கின்றது. திருச்சபை தன் வசமுள்ள பாதுகாப்பான காணிகளைப் பற்றியும் இதே கேள்விகளைத் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்களிடம் மட்டும் கேட்பது நியாயமாகாது.

மே மாதம் ஆண்டுதோறும் வரும். அதற்கு முன்னர் உங்கள் தோட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வழிபாடு முடிந்த பின், பெரியவர்களும் இளைஞரும் பெண்களும் கூடி உட்காருங்கள். எந்த மலையில் கான் தூர்ந்திருக்கின்றது, எந்த லயனுக்கு மேலே வெடிப்புத் தெரிகின்றது, மழைக்காலத்தில் எந்த வழியால் வெளியேறுவது, எங்கே தங்குவது என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்கும், ஒரு பிரதி தோட்ட நிருவாகத்துக்கும், ஒரு பிரதி உங்கள் பங்குக்கும் போகட்டும். கொடுத்த திகதியைப் போட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். 'எங்களுக்குத் தெரியாது' என்று எவரும் பின்னர் சொல்ல முடியாதபடி அந்த ஒப்பம் உங்களிடம் இருக்கட்டும்.